கிருசாந்தியின் கல்லுக்கு நான் வைத்த பொட்டு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களவாகக் கிடைத்தது. வீட்டுத் திறப்பைக் கிருசாந்தியேதான் என் கையில் தந்தாள். ஆனால் அது பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தந்த திறப்பு, கதை எடுக்கத் தந்ததல்ல.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் தொங்கு ரயில் யன்னலுக்கு நேரே போகும் தெருவொன்றில் நான்கு மாடிக் கட்டடம். முதலாம் மாடியில் நான். எனக்கு எதிர்க்கதவு கலாதேவி. கூரைக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறை வீட்டில் அவளுடைய மகள் கிருசாந்தி. இருபத்தாறு வயது. பொய்ப்பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கலாதேவி என்ற பெயரில் இந்த நகரத்தில் எனக்குத் தெரிய மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம், நீங்கள் இல்லை.

கதை கேட்டவர் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரின் ஆசிரியர் பரராசசிங்கம் அண்ணை. "தேவமலர், ஊர் நினைவு மட்டும் வேண்டாம். இருபது வருசமா அதைத்தான் போட்டுக் களைச்சுப் போனம். இஞ்சை நடக்கிறதை எழுதுங்கோ. உங்களுக்குத் தெரியாமல் இஞ்சை என்ன நடக்குது?" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: "மாலை வெயில் அந்தச் சிறிய அறையின் யன்னலில் தயங்கி நின்றபோது..."

வேண்டாம். வுப்பர்டாலில் வெயில் தயங்கி நிற்காது. வந்தால்தானே நிற்பதற்கு.

தொடக்கம் இரண்டு: "கிருசாந்தி யாருக்கும் புரியாத பெண்..."

பொய். அவள் எத்தனை மணிக்கு வருகிறாள், கையில் என்ன கடைப் பை, சப்பாத்து ஈரமா என்பதெல்லாம் என் கதவில் பதித்த குட்டிக் கண்ணாடி வழியாக எனக்குப் புரியும்.

தொடக்கம் மூன்று: "எனக்கு அந்தப் பிள்ளையில் பொறாமை."

இதை மூன்று தடவை வெட்டினேன். மூன்று தடவையும் திரும்ப வந்தது. இருக்கட்டும்.

3

கிருசாந்தி வேலை தொடர்பான வகுப்பொன்றுக்காக ஒரு கிழமை லைப்சிக் போனாள். போவதற்கு முன் திறப்போடு என் கதவடியில் வந்து நின்றாள்.

"அம்மாட்டைக் குடுக்கலாமே பிள்ளை? எதிர்க்கதவுதானே."

"அம்மா வந்தா துப்புரவாக்கிப் போடுவா அன்ரி. நீங்கள் எல்லாத்தையும் வடிவாப் பாப்பியள், ஆனாத் தொடமாட்டியள்."

முப்பது வருடமாக என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பலர் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை. நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அவள் சொன்னதில் பாதி பிழையாகப் போயிற்று.

இரண்டாம் நாள் மேலே போனேன். பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம். மிச்ச இருபது நிமிடம் (சரி, நாற்பது) சும்மா நின்றேன். சுவரில் ஒரு தட்டு. அதில் உள்ளங்கையளவு சாம்பல் நிறக் கல். கண்ணாடிக்குள் ஒரு சின்ன மெழுகுதிரி. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதற்குள் பாதி எரிந்த இலையொன்று, பிரியாணிக்குப் போடுவோமே, அது. பக்கத்தில் சிறு தட்டில் பார்லி. படம் இல்லை, சிலை இல்லை, எந்தச் சாமி என்று ஒரு எழுத்தும் இல்லை.

இனி நடந்ததை என் கைதான் செய்தது. என் கைப்பையில் கோவில் குங்குமம் எப்போதும் ஒரு கடதாசிச் சரையில் கிடக்கும். தட்டில் ஒரு கல்லும் அதற்கு முன்னால் ஒரு திரியும் இருந்தால் எங்கள் கை வேறென்ன செய்யும்? அந்தக் கிண்ணத்துத் தண்ணீரிலேயே விரலை நனைத்து, குங்குமத்தைத் தொட்டு, கல்லின் நடுவில் பொட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் புத்தி வந்தது. யாருடைய சாமிக்கு வைத்தேன்? அந்தத் தண்ணீர் தீர்த்தமா, கழுவாத கோப்பையா? துடைத்தால் துடைத்த பாவம். விட்டால் வைத்த பாவம்.

[இந்த இடத்தில் நான் விழுந்து கும்பிட்டேன் என்று எழுதியிருந்தேன். கும்பிடவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.]

4

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பெட்டி படியேறிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வருகிற காலடி. என் மணி அடித்தது.

"அன்ரி, அந்தப் பொட்டு நீங்களோ வச்சது?"

வேறு ஆளில் பழி போடலாம் என்றால் அந்தத் திறப்பு வேறு ஒருவரிடமும் இல்லை.

"ஓம் பிள்ளை. தெரியாமல்... அது என்ன சாமி? கோவிக்குமோ?"

அவள் சிரித்தாள். "கோவிக்கமாட்டா. வடிவா இருக்கு, விட்டிட்டன். வாங்கோ, ஆரெண்டு சொல்லுறன்."

மேலே போனோம். அந்தத் தெய்வத்தின் பெயர் ஹெஸ்தியா. பழைய கிரேக்கரின் அடுப்புத் தெய்வம், வீட்டின் நடுத்தீ. இப்போதும் அந்தத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்களாம், இந்த நாட்டிலும் இருக்கிறார்களாம். எந்தப் பூசையிலும் முதல் பங்கும் அவளுக்கு, கடைசிப் பங்கும் அவளுக்கு. (எங்கள் பிள்ளையாருக்கு முதல் பங்கு மட்டும்தானே என்று அந்த நேரத்தில் பிள்ளையாருக்காகவும் எனக்குப் பொறாமை வந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.) எரிகிற இலையைத் தண்ணீரில் நனைத்து அணைத்தால் அது கை கழுவும் சுத்தத் தண்ணீர். அதாவது நான் விரல் நனைத்தது கை கழுவுகிற தண்ணீரில்.

"நானும் முதல்ல சரியாப் பயந்தனான் அன்ரி. எட்டு மாதம் ஒண்டும் செய்யேல்லை, வாசிச்சுக்கொண்டே இருந்தனான். எந்தக் கையால ஊத்துறது, எந்த நாள், பெயரைப் பிழையாச் சொன்னா என்ன வரும் எண்டு. பிறகு இன்ரநெற்றில ஒரு குழுவில கேட்டன். ஒரு மனுசி எழுதினா, ஒரு திரியும் கொஞ்சத் தண்ணியும் போதும், இண்டைக்கே தொடங்கு, மிச்சத்தைப் போகப் போகப் படி எண்டு. முதல் நாள் நெருப்புப்பெட்டியே இல்லை. அடுப்பில பத்தவச்சுக்கொண்டு ஓடிவந்தனான்."

"துடக்கு நாளில?"

"தீட்டுக்கு அவையளிட்டையும் ஒரு சொல் இருக்கு, மியாஸ்மா எண்டு. கை கழுவினாப் போயிடும்."

"கை கழுவினாலோ?"

"ஓம். பெரிய விசயத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனா நாள் முழுக்க அதையே யோசிச்சு வாழத் தேவையில்லை."

நான் செத்தவீட்டுக்கு முப்பத்தொரு நாள் எண்ணியவள். அவளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்.

"எங்கட சாமியளுக்கு என்னடி குறை?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

அவள் பார்லித் தட்டை நேராக்கினாள். "குறை இல்லை அன்ரி. எங்கட வீட்டில சாமி எண்டா எனக்கு அம்மா அழுறதுதான் ஞாபகம் வரும். விளக்கு நூந்தாலும் அழுவா. தேங்காய் அழுகினாலும் அழுவா. நான் சோதினையில பெயில் விட்டாலும் தன்ரை விரதத்திலதான் பிழை எண்டு அழுவா. ஒராளையாவது பயமில்லாமல் கும்பிடோணும் எண்டு இருந்தது."

பிறகு மெதுவாக, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

5

இப்போது என் பொறாமையின் விலாசத்தைத் தரவேண்டும்.

போன வருடம் முழங்கால் அறுவைக்குப் போகுமுன் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். சுகமாக எழும்பினால் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று. எழும்பினேன். ஆனால் புது முழங்காலோடு எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வீதி சுற்ற முடியாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேரன்று வீட்டில் இருந்தேன். அடுத்த கிழமை பாத்திரம் கழுவும் மெசின் நின்றது. அதற்கடுத்த மாதம் என் கணவருக்கு இரத்தத்தில் சீனி கூடியது. பிறகு குளியலறை நிலம் ஊறியது. எல்லாம் எதனால் என்று எனக்குத் தெரியும். சாமி அலுமாரிக் கதவைச் சாத்தினேன். ஒன்பது மாதமாகச் சாத்தியே இருக்கிறது. அம்மன் முகத்தில் எப்படி முழிப்பது?

(வரவேற்பறைக்கு வருகிறவர்களிடம் கதவுப் பிணைச்சல் பழுது என்று சொல்கிறேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.)

என் தலைக்கு மேலே மூன்று மாடி தள்ளி ஒருத்தி நெருப்புப்பெட்டிகூட இல்லாமல் தொடங்குகிறாள், பிழை விடுகிறாள், சிரிக்கிறாள். நான் வைத்த பிழையான பொட்டையும் வடிவு என்று வைத்திருக்கிறாள். அவளுடைய தெய்வம் கோபிக்கவில்லை. அவளும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

6

வெள்ளிக்கிழமை கலாதேவி தேத்தண்ணிக்கு வந்தாள். வந்த முகமே சரியில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. உவள் மேலை மெழுகுதிரி கொளுத்திறாள். கதவுக்குள்ளாலை மணக்குது. வேதத்துக்கு மாறீட்டாளோ?"

வேதம் என்றால் அவள் அகராதியில் கிறிஸ்தவம். மகள் போய்ச் சேர்ந்த இடம் அவளுடைய பயப் பட்டியலிலேயே இல்லை.

"நீங்கள்தானே போன கிழமை உள்ளுக்கை போனனீங்கள். சிலுவை கிடந்ததோ?"

"இல்லை. சிலுவை இல்லை."

"அப்ப வேறை ஏதோ கிடந்தது."

வாசகரே, இந்த இடத்தில் கதை நிற்கிறது. ஒரு வசனம் போதும். "அவள் ஒரு கிரேக்கக் கல்லை..." என்று தொடங்கினால் கலாதேவி தேத்தண்ணியை வைத்துவிட்டு மேலே ஓடுவாள், ஒரு கையில் துடைக்கும் துணி, மறு கையில் கண்ணீர். தட்டு வெறுமையாகும். ஐயரைக் கூப்பிடுவாள். கிருசாந்தி வேறு நகரத்தில் வீடு தேடுவாள். அவளுக்கும் என்னைப் போல் ஒரு சாத்திய கதவு இருக்கும். அப்போது எனக்குப் பொறாமை இராது. பாருங்கள், அந்த எண்ணத்தில் ஒரு இனிப்பு இருந்தது. நாக்கு நுனிவரை...

"என்னக்கா, சொல்ல வந்து நிப்பாட்டிறியள்?"

"சீனி காணுமோ எண்டு கேக்க வந்தனான்," என்று அவளுடைய கோப்பையில் இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

7

முடிவுகள், வரிசையில்லாமல்:

கலாதேவி தானாகவே கண்டுபிடித்து, கல்லைப் பார்த்து, மனம் மாறி, தாயும் மகளும் கட்டிப்பிடித்து... இல்லை. கலாதேவி எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவள் முதலில் தூசு தட்டுவாள்.

நான் சொல்லிவிடுகிறேன். கிருசாந்தி பெட்டியோடு இறங்கிப் போகிறாள். கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததுதான் பயமாக இருந்தது. கிழித்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் பொய், வாசகரே. எழுதிக்கொண்டிருக்கிறேனே! பெயரை மாற்றினால் மட்டும் வம்பு இலக்கியமாகிவிடுமா? மலர் அச்சானால் முதல் பிரதியே கலாதேவி வீட்டு மேசையில்தான் கிடக்கும்.

8

அதனால் தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாடிக்கொரு தரம் நின்று முழங்காலைத் தேய்த்தேன். கிருசாந்தி முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டி நான்கு வரி வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பித் தந்தாள்.

"நான் வாசிச்சு முடிய விடிஞ்சிடும் அன்ரி. நீங்களே வாசியுங்கோ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பொறாமையை என் வாயாலேயே, அவள் முகத்துக்கு முன்னால். இரண்டாம் பகுதியில் மூன்றாம் தொடக்கத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"நில்லுங்கோ. அதிலை ஒண்டு விட்டிட்டியள். கண் பாஞ்சது தெரிஞ்சது."

வாசித்தேன். ஐந்தாம் பகுதியும் வாசித்தேன். ஆறாம் பகுதியில் "ஒரு இனிப்பு இருந்தது" என்ற இடத்தையும் தாண்டிப் போகவில்லை. வெளியே தொங்கு ரயில் ஒன்று போனது. அவள் எழும்பி யன்னலைச் சாத்தினாள்.

"என்னிலை பொறாமைப்பட என்ன இருக்கு அன்ரி? நான் போன கிழமையும் தண்ணி வைக்க மறந்து போனன்."

"மறந்திட்டு நித்திரை கொண்டியோ?"

"கொண்டன்."

"அதிலைதான் பொறாமை."

அவள் கல்லைப் பார்த்தாள். பொட்டு காய்ந்து ஓரம் உதிர்ந்திருந்தது. "எனக்கு இதெல்லாம் ஜெர்மனில சொல்லத் தெரியும். அம்மாவுக்கு அந்த அளவு ஜெர்மன் ஏலாது. தமிழில சொல்லத் தொடங்கினா நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆயிடுவன், அவ அழத் தொடங்கிடுவா. நீங்கள் நான் சொன்னதை அப்பிடியே எழுதியிருக்கிறியள். அந்த 'பயமில்லாமல்' எண்டது. அம்மா அதை வாசிக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லு. போட்டாப் போட்டதுதான்."

"போடுங்கோ. ஆனா உங்கட பொறாமையை வெட்டாதேங்கோ. அலுமாரிக் கதவையும். நான் மட்டும் ஏன் பிடிபடோணும்?"

9

அப்படித்தான் இது அச்சுக்கு வந்தது. பரராசசிங்கம் அண்ணைக்கு ஒரே ஒரு குறை: "கதைக்கு முடிவு இல்லையே, தேவமலர்." முடிவு என்னிடம் இல்லை அண்ணை. அது வாசகரிடம் இருக்கிறது.

இவ்வளவு நேரமும் வாசகரே, வாசகரே என்று நான் கூப்பிட்டது ஒரே ஒரு ஆளை. கலாதேவி, இது நீ என்று உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சீனி கூடின அந்தத் தேத்தண்ணியை நினைத்துப் பார். நீ இப்போது மலரை மடித்துக் கோபத்தோடு மேசையில் வைத்திருப்பாய். என்னில் கோபிக்க உனக்கு நியாயம் இருக்கிறது. அதை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்.

அவள் ஞாயிறு நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பாள். மேலே போ. துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போ. அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று நீ என்ன செய்கிறாயோ அதுதான் முடிவு. அழுவாயோ, கல்லைத் தூக்குவாயோ, எனக்குத் தெரியாது. உன் விரலும் என் விரலைப் போல் குங்குமத்தைத் தேடினால் என்னிடம் சரை இருக்கிறது, வந்து தட்டு.

நான் கதவுக் கண்ணாடியில்தான் நிற்பேன். பொய் சொல்லவில்லை. உன் காலடி நம் மாடியைத் தாண்டி மேலே ஏறுகிற சத்தம் கேட்டால் என் சாமி அலுமாரியைத் திறந்து விளக்கை ஏற்றுவேன், சட்டி எடுக்காத முகத்தோடேயே. இதைச் சொன்னபோது கிருசாந்தி, "அன்ரி, இதுவும் ஒரு நேர்த்திதானே?" என்று சிரித்தாள்.

நெருப்புப்பெட்டி கையில் இருக்கிறது. நீ இன்னும் கதவைத் திறக்கவில்லை.