கையெழுத்து வைக்கிற இடம்

கையெழுத்து என்ரைதான். அதிலை சந்தேகமே இல்லை. முதல் எழுத்தை மட்டும் ஒழுங்காப் போட்டிட்டு மிச்சத்தை இழுத்து விடுற அதே கிறுக்கல். முப்பத்தேழு வரியமா இந்த ஜேர்மனியிலை எல்லாக் கடுதாசியிலையும் நான் வைச்ச கிறுக்கல். ஆனால் அதுக்கு மேலை இருந்த நாலு வரியை நான் என்ரை சீவியத்திலை பாத்ததில்லை.

எங்கடை வீட்டிலை டொச் பாசைக் கடுதாசி எண்டால் மகன் தபோதரன்தான். நாலாம் வகுப்பிலை துவங்கினவன். விசாவோ, வீட்டுக்காரன்ரை கடிதமோ, எந்த அன்ட்ராக், விண்ணப்பம் எண்டாலும் அவன் வாசிப்பான், அவன் நிரப்புவான், கடைசியிலை விரலை ஓரிடத்திலை வைச்சு, "இதிலை வையுங்கோ அப்பா" எண்டுவான். நான் வைப்பன். பாண் பக்டரியிலை நிண்டு முறிஞ்சுபோட்டு வாறவனுக்கு என்ன வாசிப்பு? கெல்சென்கிர்ச்சனிலை இருக்கிற எங்கடை சனத்திலை முக்கால்வாசி வீட்டிலை இதுதான் நடைமுறை. ஒரு பிழையும் வந்ததில்லை, போன வியாழக்கிழமை வரைக்கும்.

அண்டைக்குக் காப்புறுதிக் கடிதம் ஒண்டைத் தேடிப் பைலைக் கிண்டேக்கைதான் இந்தத் தாள் வந்தது. பெற்றோர், மகன், துறவி. டொச்சிலை இந்த மூண்டு சொல்லும் எனக்கு விளங்கினது. அது காணுமே!

"கலா!" எண்டு கத்தினன்.

கலாதேவி என்ரை மனிசி. குசினியிலை இருந்து வந்து தாளைக் கண்டவுடனை அவவின்ரை முகம் செத்துப் போச்சு.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம். மாசியிலை அவன் வந்து நிண்டேக்கை வரிக் கடுதாசியளோடை வைச்சனீங்கள். நான் வாசிச்சுப் போட்டுத்தான் என்ரை கையெழுத்தை வைச்சனான். உங்களிட்டைக் காட்டினால் கிழிச்சுப் போடுவியள் எண்டு அவன் பயந்தவன்."

"கிழிச்சுத்தான் போடுவன்!"

விசயம் இதுதான். என்ரை மகன், இருபத்தேழு வயது, எஞ்சினியர், நல்ல உத்தியோகத்தை விட்டிட்டு ஒரு வரியமா ஹார்ட்ஸ் மலைக் காட்டுக்குள்ளை ஒரு விகாரையிலை வெள்ளை உடுப்போடை விறகு கொத்திக்கொண்டு இருந்தவன். விசர் தெளிஞ்சு வருவான் எண்டு நான் பேசாமல் இருந்தன். இப்ப பாத்தால் சனிக்கிழமை அவனைப் பிக்கு ஆக்கப் போறாங்களாம். அதுக்கு ஐஞ்சு பிக்குமார் கூடவேணுமாம், சுவீடனிலை இருந்தும் சுவிசிலை இருந்தும் வந்து நிக்கினமாம். தாய் தேப்பன் சம்மதம் இல்லாமல் ஆக்க ஏலாதாம். அந்தச் சம்மதம்தான் என்ரை கையிலை இருந்த தாள், என்ரை கையெழுத்தோடை.

சனிக்கிழமை காலமை காரை எடுத்தன். கலா கேக்காமலே முன் சீற்றிலை ஏறி இருந்தா.

"அங்கை போய் என்ன செய்யப் போறியள்?"

"சம்மதமோ எண்டு அவனைக் கேப்பாங்கள்தானே. கேக்கேக்கை எழும்பி நிண்டு, இவன் கள்ளன், தேப்பனை ஏமாத்தினவன் எண்டு எல்லாற்றை முகத்துக்கும் முன்னாலை சொல்லப் போறன்."

"தபோதரன், தவம் செய்யிறவன் எண்டு பேர் வைச்சது நீங்கள்தானே. இப்ப குதிக்கிறியள்."

"அது எங்கடை அப்பப்பான்ரை பேர். அவருக்கு ஒன்பது பிள்ளையள்!"

அவ யன்னலுக்குள்ளாலை வெளியிலை பாத்தா. பிக்கு எண்டால் எனக்குக் காவி உடுப்பு இல்லை ஞாபகம் வாறது, வெள்ளை நூல். எண்பத்தேழிலை வெளிநாடு அனுப்புற ஏஜென்சிக்காறனுக்காகக் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை கிடந்தனான். முன்னாலை ஒரு விகாரை. வடக்கை போற ஆமி ட்ரக்குகள் அதிலை வந்து நிக்கும். ஒரு பிக்கு பொடியள் ஒவ்வொருத்தன்ரை மணிக்கட்டிலையும் காவலாப் பிரித் நூல் கட்டி, ஓதி அனுப்புவார். அந்த மாசக் கடைசியிலை என்ரை பெரியண்ணை ஷெல் விழுந்து செத்துப் போனார். அவருக்குக் கொள்ளி வைக்கவும் நான் போகேல்லை. நான் அப்ப பிளேனுக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

வழியிலை றோட்டு முடங்கிப் போச்சு. ஒரு மணித்தியாலம் பிந்திப் போட்டம். பழைய வனக்காவலர் வீடு ஒண்டைத்தான் விகாரை ஆக்கி வைச்சிருக்கினம். வாசலிலை சப்பாத்துக் கழட்டுற இடத்திலை டொச்சிலை அடிச்ச தாளுகள் அடுக்கிக் கிடந்தது. கேக்கப் போற கேள்வியளும் அர்த்தமும். கலா ஒண்டை எடுத்தா. நாங்கள் பூனை மாதிரிப் பின்னாலை போய்க் கதவடியிலை நிண்டம்.

இருபது முப்பது பேர் நிலத்திலை இருக்கினம். முன்னாலை ஐஞ்சு பிக்குமார். அவைக்கு முன்னாலை முழங்காலிலை என்ரை பிள்ளை. மொட்டை. முதுகு மட்டும்தான் தெரிஞ்சது. நாங்கள் வந்தது அவனுக்குத் தெரியாது.

நடுவிலை இருந்த பெரிய பிக்கு எழுபது வயது மதிக்கத்தக்க சிங்கள ஆள். ஏதோ பாளியிலை சொன்னார். கலா விரலாலை வரியைப் பிடிச்சு எனக்குக் குசுகுசுத்தா. "இது உனக்கு உண்மையின்ரை நேரம். உள்ளதை உள்ளதெண்டு சொல்லு, இல்லாததை இல்லை எண்டு சொல்லு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாப்பம், உன்ரை உண்மையை எண்டு மனசுக்குள்ளை சொன்னன்.

நீ மனிசனோ? "ஆம பந்தே," ஓம் சுவாமி எண்டு அர்த்தம். ஆம்பிளையோ? "ஆம பந்தே." சுதந்திரமான ஆளோ? "ஆம பந்தே." குரல் கணீர் எண்டு வருது. சேட்டுப் பையுக்குள்ளை தாளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"இதுதான்," எண்டா கலா. "தாய் தேப்பன் சம்மதிச்சவையோ?"

நான் ஒரு காலை முன்னுக்கு வைச்சன். வாயைத் திறந்தன். ஆனால் அவன் பதில் சொல்லேல்லை. பெரிய பிக்கு திரும்பவும் கேட்டார்.

"நத்தி பந்தே."

கலா தாளைக் கீழை போட்டிட்டா. இல்லை எண்டு சொல்லிப் போட்டான். பிறகு டொச்சிலை, மெல்லமா: "அப்பான்ரை கையெழுத்தை நான் ஏமாத்தி வாங்கினனான். என்னத்திலை வைக்கிறார் எண்டு அவருக்குத் தெரியாது. அவர் என்னை நம்பித்தான் வைக்கிறவர்."

திறந்த வாயோடை நிண்டன். நான் சொல்ல வந்தது முழுக்க அவன் சொல்லிப் போட்டான். எனக்கு மிச்சம் ஒண்டும் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையிலை என்னட்டைக் கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னவன் நான். எந்தப் பாதையாலை வந்தாய் எண்டதுக்கு ஒரு கதை, எப்ப வந்தாய் எண்டதுக்கு ஒரு கதை. எங்கடை ஆக்களிலை ஆர் உண்மை சொன்னது? சொன்னால் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். இவன் சொல்லிப் போட்டான், திருப்பி அனுப்புவினம் எண்டு தெரிஞ்சும்.

பெரிய பிக்கு கண்ணை மூடித் திறந்தார். "அப்ப இது இவ்வளவுதான்," எண்டார். அவன் மூண்டு தரம் விழுந்து கும்பிட்டு எழும்பித் திரும்பினான். கதவடியிலை எங்களைக் கண்டான். தன்ரை உடுப்பை எடுக்க உள்ளுக்குப் போனான்.

நான் வெளியிலை வந்து சப்பாத்துத் தேடினன். கண் தெரியேல்லை. பெரிய பிக்கு வெறுங்காலோடை பின்னாலை வந்தார்.

"நீங்கள் தேப்பனோ?" அவற்றை டொச்சும் என்ரை மாதிரித்தான், நொண்டி.

"ஓம்."

"எங்களிலைதான் பிழை. அவன் தந்த பிரதியைப் பாத்தம், ஆளைக் கேக்கேல்லை. புத்தர் தன்ரை மகனைத் துறவியாக்கினவுடனை புத்தருடைய தேப்பன் போய் அழுதவர். பிள்ளையிலை வைச்ச பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புக்குள்ளை போகுது, இனி ஒரு தாய் தேப்பனுக்கும் இப்பிடிச் செய்யாதையுங்கோ எண்டு கேட்டவர். அப்ப வந்த சட்டம் இது. ஒரு தேப்பன் கேட்டு வாங்கினது."

எனக்கு எங்கை இருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "உங்கடை ஆக்கள் பட்டாளத்துக்கு நூல் கட்டி அனுப்பேக்கை, எங்கடை தாய் தேப்பனை ஆர் கேட்டது?"

அவர் நிலத்தைப் பாத்தார். மறுப்பார், சமாதானம் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.

"நானும் கட்டினனான்," எண்டார். "எத்தினை பேருக்கு எண்டு எண்ணேல்லை."

அவரை நான் மன்னிக்கேல்லை. இண்டைக்கும் மன்னிக்கேல்லை. ஆனால் அந்த மனிசன் பொய் சொல்லேல்லை. உள்ளை எட்டிப் பாத்தன். மற்ற நாலு பிக்குமாரும் இருந்த இடத்திலையே இருந்தவை. மத்தியானம் தாண்டினால் அவையள் சாப்பிட ஏலாது எண்டு கலா சொன்னா. மணி பதினொண்டே முக்கால். பக்கத்து அறையிலை சோறு ஆறிக்கொண்டு கிடந்தது. ஒருத்தரும் எழும்பேல்லை, தேப்பன் என்ன சொல்லுவானோ எண்டு காத்திருந்தவை போலை.

தபோ ஒரு பையோடை வந்தான். காரின்ரை பின் கதவைத் திறந்து ஏறி இருந்தான், சின்னனிலை இருக்கிற அதே பக்கம். நான் முன்னுக்கு இருந்து திறப்பைப் போட்டன். திருக்கேல்லை. வெண்டிட்டன் எண்டு சந்தோசப்படத்தான் வந்தனான். கண்ணாடியிலை அவன்ரை மொட்டை மண்டையிலை ஒரு வெட்டுக் காயம் தெரிஞ்சது. சவரக்கத்தி பட்டிருக்கு.

தாளை எடுத்துப் பின்னாலை நீட்டினன்.

"வாசி."

"அப்பா..."

"வாசியடா! ஒரு வரியும் விடாமல்."

வாசிச்சான். டொச்சிலை ஒருக்கா, தமிழிலை ஒருக்கா. மகன் வீட்டை விட்டுப் போறதுக்கு முழு மனதோடை சம்மதம். கட்டாயப்படுத்தாமல், எல்லாம் விளங்கி. விளங்கி எண்ட இடத்திலை அவன்ரை குரல் உடைஞ்சு போச்சு.

"உனக்கு வருத்தம் வந்தால் ஆர் பாக்கிறது?"

"அவை பாப்பினம்."

"எங்களுக்கு வந்தால்?"

"வருவன். பக்கத்திலை இருப்பன்."

"நான் செத்தால் கொள்ளி வைப்பியோ?"

கலா "ஐயோ, சும்மா இருங்கோ" எண்டா. நான் திரும்பி அவனை நேரை பாத்தன். ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம்.

"ஏலாது அப்பா," எண்டான். கண்ணீர் வழியுது, துடைக்கேல்லை. "வந்து நிப்பன். ஆனால் கொள்ளி வைக்க ஏலாது."

என்ரை அண்ணைக்கும் நான் வைக்கேல்லை. ஆனால் இவன் சொன்ன மாதிரி நேரை அதை நான் ஆருக்கும் சொன்னதில்லை.

"இஞ்சத்தைச் சுடலையிலை என்ன கொள்ளி, பட்டன்தானே," எண்டன். "கொம்மா அமத்துவா."

கலா விம்மத் துவங்கினா. நான் சேட்டுப் பையுக்குள்ளை இருந்து பேனையை எடுத்து, தாளை ஸ்ரியறிங்கிலை வைச்சு, பழைய கிறுக்கலைக் குறுக்காலை வெட்டினன். அவன் பழக்கத்திலை பின்னாலை இருந்து எட்டி, அதுக்குக் கீழை விரலை வைச்சான்.

"விரலை எடு," எண்டன். "எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியும்."

மகேந்திரராஜா எண்டு முழுப் பேரையும் தமிழிலை எழுதினன். எழுதி முடிக்க நேரம் எடுத்தது. பிறகு சப்பாத்தைக் கழட்டிப் போட்டு, அவனுக்கு முன்னாலை நானே உள்ளுக்குப் போனன்.