பஞ்சு வைத்த காது

கொழுப்புத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் அன்ரனுக்குக் குடல் வாய்க்கு வந்தது.

மன்ஹைமுக்கு வெளியே, அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் சமையலறை. முகாம் முழுக்கத் தின்று தள்ளிய பன்றி வறுவலின் எண்ணெய் குழாய் வழியே இங்கேதான் வந்து சேரும். இறுகி, புளித்து, மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டி மிதக்கும். அதைக் கையால்தான் அள்ள வேண்டும். கையுறை முழங்கை வரை உண்டு. மூக்குக்கு உறை கிடையாது.

கோடை தொடங்கியதிலிருந்து அந்த வேலை அவன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. பேஸ்போல் செய்த வேலை அது.

அங்கே வேலை செய்த தமிழர் மூவருக்கும் ஒரு வழக்கம். படையினருக்கான வானொலியில் பின்னேரம் ஆட்டம் ஓடும். மட்டைக்காரன் வந்து நின்றதும் ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும்: தப்புவானா, அவுட்டா? வானொலி சொல்லுமுன் சொல்லிவிட வேண்டும். பிழையாகச் சொன்னவருக்குத் தொட்டி கழுவும் வேலை. வாய் திறக்காமல் நின்றாலும் தொட்டிதான்.

முன்பு தோல்வி எல்லோருக்கும் மாறி மாறி வந்தது. அப்போது ஆட்டம் மத்திய அலையில் மட்டும். குளிர் அறை மோட்டார் ஓடினால் பாதி இரைச்சல். பிறகு பேஸ்போலை எஃப்.எம்.முக்கு மாற்றப் போவதாகச் சமையலறைத் தலைவர் சொன்னார். கொஞ்ச நாளுக்கு இரண்டிலும் வரும் என்றார். மறுநாளே கிறிஸ்தோப்பர் புது எஃப்.எம். பெட்டி ஒன்றோடு வந்து நின்றார்.

"கர்த்தர் தந்த காது, நல்லதைக் கேக்கட்டும்" என்று அதை அலமாரியில் வைத்தார். "பழைய குட்டிப் பெட்டியை நான் கொண்டு போறன்."

கிறிஸ்தோப்பர் ஞாயிறு பூசைக்கு முன் செபமாலையை முன்னின்று சொல்பவர். மூவரில் மூத்தவர். அன்றிலிருந்து அவர் ஒரு தடவைகூடப் பிழையாகச் சொல்லவில்லை. கடைசி நொடியில் சிலுவை அடையாளம் போடுவார். முடிவைச் சொல்வார். அப்படியே நடக்கும். மூன்றாமவர், பெரிய பாத்திரங்கள் கழுவும் புஸ்பவதி அக்கா, "எனக்கும் அதுதான்" என்பா. அவவும் தோற்கவில்லை.

"என்னண்ணை, மாதா காதுக்குள்ள வந்து சொல்லுறாவோ?" என்பான் அன்ரன்.

"விசுவாசம் வேணும் தம்பி." ஒரு காதில் எப்போதும் பஞ்சு வைத்திருந்தார். "கிட்ட வராத. சீழ் வடியுது."

அன்ரன் முகத்தைச் சுளித்து விலகிக்கொள்வான்.

இந்தத் தடவை தொட்டியோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை கெவலார் மாதா கோவிலில் தமிழர் திருவிழா. ஒருவருக்குத்தான் உர்லாப், அதாவது விடுமுறை; யாரென்று நீங்களே முடிவெடுங்கள் என்று சமையலறைத் தலைவர் சொல்லிவிட்டார். அன்ரனின் மனைவி டொறத்தி மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். நாலாவது தங்கினால் ஒரு வயதுக்குள் மாதாவின் காலடியில் கிடத்துவதாக நேர்த்தி. பிள்ளைக்கு அடுத்த மாதம் ஒரு வயது.

"அண்ணை, இந்தமுறை மட்டும் விட்டுத் தாங்கோ."

"ஒலிவாங்கியில செபம் சொல்லுறது ஆர்? நீயோ? வழக்கம் வழக்கம்தான். ஆட்டத்தில பாப்பம், வெல்லுற ஆள் போகட்டும்."

பின்னேரம். பெட்டி முழங்கியது. மட்டைக்காரன் வந்து நின்றான்.

"அவுட்!" என்றான் அன்ரன்.

கிறிஸ்தோப்பர் சிலுவை அடையாளம் போட்டார். காத்திருந்தார். பஞ்சை விரலால் அழுத்தினார். முகம் கறுத்தது. வாய் திறந்தது, சொல் வரவில்லை. பக்கத்தில் புஸ்பவதி அக்காவும் வாயைத் திறந்தபடி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தா.

டப்! மட்டைச் சத்தம். பந்து உயரப் போயிற்று. எல்லைக்கருகில் ஒருவன் பிடித்துவிட்டான். அவுட்!

"சனியன்!" கிறிஸ்தோப்பர் தன் காதிலேயே ஓங்கி அடித்தார். பஞ்சு விழுந்தது. கூடவே, சட்டைக் கழுத்திலிருந்து நீண்ட மெல்லிய வயரின் நுனியில், கறுப்பாக ஒரு குமிழ். அதற்குள்ளிருந்து யாரோ பாடிக்கொண்டிருந்தது மெலிதாகக் கேட்டது.

சீழ் ஒரு துளிகூட இல்லை.

அன்ரன் குமிழைப் பறித்துக் காதோரம் வைத்தான். இரைச்சல், பாட்டு. பேஸ்போல் இல்லை.

"இது என்ன?"

கிறிஸ்தோப்பர் குனிந்து பஞ்சைப் பொறுக்கினார். புஸ்பவதி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "பழைய பெட்டிதான். பொக்கெற்றுக்குள்ள கிடக்கு. அதில முந்தி வரும், எஃப்.எம்.மில நாலு மூச்சுப் பிந்தித்தான் வரும். இண்டைக்கு அதில நிப்பாட்டிப் போட்டாங்கள் போல."

நிறுத்தும் நாளை வானொலி மூன்று வாரமாக அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சமையலறையில் அவுட், ஸ்ட்ரைக், ரன் தவிர வேறு ஆங்கிலத்துக்கு யாரும் காது கொடுத்ததில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"முதல் கிழமையே."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் என்னத்துக்குச் சொல்ல? நான் தொட்டி கழுவேல்லையே" என்றா அவ, வெகு இயல்பாக.

அன்ரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சனிக்கிழமை நான் போறன்."

"போ, போ. வழக்கம் வழக்கம்தானே." கிறிஸ்தோப்பர் அதற்குள் சட்டையைச் சரிசெய்து, பழைய முகத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டார். "எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு, தம்பி."

அன்ரன் குமிழை வயரோடு இழுத்தெடுத்து, தொட்டி மூடியைத் தள்ளி உள்ளே போட்டான். சாம்பல் ஆடை கிழிந்தது. குளுக்.

"இண்டைக்குத் தொட்டி உங்கட. கழுவிப் போட்டுச் சொல்லுங்கோ, கொளுத்துறன்."

கிறிஸ்தோப்பர் அவசரமாகக் கையுறையை மாட்டினார். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். வெட்கப்பட்டுவிட்டார் என்று அன்ரன் ஒரு கணம் நினைத்துவிட்டான்.

"நல்ல சாமான், தம்பி" என்றார் அவர், கொழுப்பு வழியும் குமிழைத் தூக்கிப் பார்த்து. "கால்பந்து இன்னும் பழைய பெட்டியில முந்தி வருது. அதுக்கு உதவும்."

அன்ரன் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுக்க வெளியே ஓடினான்.