மூடி வைத்த ஓடை

அந்த ஓடையில் மட்டும் யாரும் சிப்பி பொறுக்குவதில்லை. குஞ்சுகள் வளரட்டும் என்று சிப்பி பொறுக்கும் பெண்கள் தாங்களாகவே மூடி வைத்தது. எஸ்மெரால்தாஸ் கரையில் வெளியாள் ஒருவருக்கும் அது தெரியாது.

தலைநகர் கீத்தோவிலிருந்து ரெனாத்தா ஆராய்ச்சிக்கு வந்தபோது அவளைத் தோணியில் ஏற்றவே யாருக்கும் மனமில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியான நசாரியாதான் தொண்டை வற்றப் பேசி எல்லாரையும் சம்மதிக்க வைத்தாள்.

"அவங்களும் நாமளும் சேர்ந்துதான் வரைபடம் போடப்போறோம். நாம வேணாங்கிறது அதுல வராது. நான் பொறுப்பு."

மூடிய ஓடையைக் காட்டுவார்கள், ஆனால் வரையக் கூடாது என்று பேச்சு. ரெனாத்தாவும் சரி என்றாள்.

வரைபடத்தை ஊர் மண்டபத்தில் வெளியிட்டார்கள். திரையில் பச்சைப் பசேலென்று அலையாத்திக் காடு, நடுவே சிவப்பு வட்டத்துக்குள் அந்த ஓடை. கீழே ரெனாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் நசாரியாவின் பெயர். மற்றப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவளை மேடையேற்றிக் கைதட்டியபோது நசாரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இறங்கியதும் ரெனாத்தாவைப் பிடித்தாள். "ஓடை எப்படி வந்துச்சு?"

"கோவிச்சுக்காதீங்க. நம்ம ஆய்வோட பெரிய கண்டுபிடிப்பே அதுதானே! குழுவுல பேசித்தான் முடிவெடுத்தோம்."

"எந்தக் குழுவுல?"

"நம்ம குழுதான். கீத்தோவுல கூடினோம்."

"நான் அங்க இருந்தனா?"

ரெனாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க சார்பா நான் பேசினேன்."

நல்லவள்தான். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம்.

வரைபடம் இணையத்திலும் ஏறியது. சீக்கிரமே வெளியூர் விசைப்படகுகள் ஓடைக்குள் புகுந்து, நகத்தளவு குஞ்சைக்கூட விடாமல் வழித்துக்கொண்டு போயின.

ஓடை சூறைபோன மறுநாள் விடியலில் நசாரியா துறைக்குப் போனாள். சேற்றில் இறங்கும் பெண்கள் கொசுவுக்காகத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டுக் கையில் வைத்துக்கொள்வார்கள். முதலில் வந்தவள் பற்ற வைப்பாள். மற்றவர்கள் அவளிடம் பற்ற வைத்துக்கொள்வார்கள். முகம் பார்க்காத பகையாளிக்கும் அந்த நெருப்பை இல்லையென்று சொன்னதில்லை.

அன்று முதலில் வந்தவள் நாத்தனார் தோமித்திலா. நசாரியா தன் மட்டையை நீட்டினாள். தோமித்திலா தன்னுடையதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உம் பேருதான் பெரிய எடத்துல ஏறிடுச்சே மதினி. நெருப்பையும் அங்கயே கேளு."

"என்னைக் கேக்காமப் போட்டுட்டாங்கடி. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

"நம்புறேன்," என்றாள் தோமித்திலா. "ஆனா நாங்க ஓடையைக் காட்டுனது அவளை நம்பி இல்ல. உன்னை நம்பி."

தோணி புகையோடு நகர்ந்தது. நசாரியா பற்றாத மட்டையோடு துறையில் நின்றாள். கொசு மொய்த்தது. அவள் விரட்டவில்லை.