குறுக்கே போட்ட கொப்பு

கடைசி வண்டி ஓட்டுகிறவன் தின்கிற மண்ணை முன்வண்டிக்காரன் ஒருநாளும் தின்றதில்லை. நான் நாலு வருடம் முன்வண்டிக்காரனாக இருந்தவன். அதனால் இந்த விஷயம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

எனக்குப் பொம்மிடி. ஸ்டேஷன் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பச்சியப்பன் மெக்கானிக் என்றால் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் தெரியும். தர்மபுரியில் ஐஸ்வர்யா மேடம் மலைப்பயணக் கம்பெனி ஆரம்பித்தபோது முதலில் என்னைத்தான் தேடி வந்தார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மோட்டார் சைக்கிளோடு ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வத்தல்மலை ஏறி இறங்கி, பொம்மிடி வழியாகச் சித்தேரி மலைக்குப் போய், உள்ளே இருக்கிற ஊர்களை எல்லாம் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மூன்று நாள் வேலை. வரிசையில் முதல் வண்டி என்னுடையது. நான் கை காட்டினால் நிற்பார்கள், கை அசைத்தால் கிளம்புவார்கள். சாப்பிட உட்கார்ந்தால் என்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள். பொய் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த வருடம் அந்த இடத்தை முருகேஷுக்குக் கொடுத்துவிட்டார் மேடம்.

முருகேஷ் சித்தேரி மலைக்காரன். இருபத்தேழு வயது. போன வருடம் வரைக்கும் எங்கள் சாமான் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆள் அதிகம் பேசமாட்டான். ஆனால் ஒரு யோசனை சொன்னான் பாருங்கள், அதுதான் எனக்கு வினையாகிவிட்டது.

மலையில் மண்பாதை. ஒரு வண்டி கிளப்புகிற புழுதி அடங்கினால்தான் அடுத்த வண்டி போக முடியும். அதனால் ஒருவருக்கொருவர் தள்ளித்தான் வருவார்கள். வழி பிரிகிற இடத்தில் எல்லாம் நான் நின்று, எட்டுப் பேரும் வந்தார்களா என்று பார்த்துத்தான் நகருவேன். அதில் அரை நாள் போய்விடும். முருகேஷ் அவர்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னான். காட்டுக்குள் முன்னால் போகிறவன், போகக்கூடாத பாதையின் குறுக்கே ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பானாம். பின்னால் வருகிறவர்கள் கொப்பு கிடக்கிற பக்கம் திரும்பமாட்டார்கள். கடைசியாக வருகிறவன் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிற ஊர்க்காரன் குழம்பிப் போவான்.

லாரிக்காரன் வண்டி பஞ்சர் ஆனால் போடுகிற தழையைப் போட்டு மனிதர்களுக்கு வழி காட்டுவதா என்று நான் கேலி பண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. மேடத்துக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. வந்தவர்களுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. கொப்பைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். முருகேஷைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. முன்வண்டி அவனுக்கு, கடைசி வண்டியும் ஸ்பேனர் பையும் எனக்கு என்று ஆனது. எனக்கு வயிறு எரிந்தது. சாதாரணமாக இல்லை, அல்சர் வந்தவன் மாதிரி எரிந்தது.

டிசம்பரில் போன பயணத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. பொங்கல் முடிந்து எட்டு நாள் பயணம் ஒன்று போகப்போகிறோம், கர்நாடகா எல்லை வரைக்கும், முன்வண்டி யார் என்று மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டில் சொல்கிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். அவர் அரூர் வழியாக ஜீப்பில் மேலே வந்துவிடுவார். நான் என் வீட்டில் சொல்லிவிட்டேன், எனக்குத்தான் என்று. அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

முதல் நாள் வத்தல்மலையில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இது என்ன பயிர், அது என்ன மரம், இந்த ஊரில் எத்தனை வீடு, எல்லாம் முருகேஷிடம்தான். என்னிடம் கேட்டது, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பது மட்டும். இரண்டாம் நாள் சித்தேரி ஏறினோம். அங்கே கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை வந்த மாதிரி அவனைக் கூப்பிட்டார்கள். நாலு வருடமாக அதே ஊர்களில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், எனக்கு அங்கே பெயர் மெக்கானிக்கு. அவ்வளவுதான்.

என்னோடு பேசிக்கொண்டு வந்த ஒரே மனிதர் ராஜாமணி. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிட்டயர் ஆன பிறகு புல்லட் வாங்கி, இப்போதுதான் ஓட்டிப் பழகுகிறார். மெதுவாகத்தான் வருவார். அதனால் வரிசையில் எப்போதும் எனக்கு முன்னால் அவர். நிற்கிற இடத்தில் எல்லாம் பையைத் திறந்து கடலை மிட்டாய் கொடுப்பார். தக்காளி விலை பேசுவார், மகள் கல்யாணம் பேசுவார். நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்ற தைரியத்தில்தான் ஓட்டுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் காலை உள் ஊர்களுக்குக் கிளம்பினோம். பதினோரு மணி இருக்கும். ராஜாமணி வண்டியை ஓரம் கட்டி, சிறுநீர் கழிக்க வேண்டும், கொஞ்ச நேரம் ஆகும், நீங்கள் போய்க்கொண்டே இருங்கள், நான் கொப்பைப் பார்த்து வந்துவிடுகிறேன் என்றார். சர்க்கரை வியாதிக்காரர், பக்கத்தில் ஆள் நின்றால் கூச்சம். கடைசி வண்டிக்கு ஒரே ஒரு விதிதான். யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது. நானே நாலு வருடம் கடைசி வண்டிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி.

போனேன். ஏன் போனேன்? மேடம் அந்நேரம் மேலே வந்திருப்பார். முருகேஷ் போய் இறங்கி, முகம் கழுவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நான் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குத் தலையெல்லாம் மண்ணாகப் போய் நிற்க வேண்டும். அந்தக் கோலத்தில் இருக்கிறவனுக்கு யாராவது முன்வண்டி கொடுப்பார்களா?

ஒரு கிலோமீட்டர் தள்ளி வழி பிரிந்தது. வலது பக்கம் ஊர். இடது பக்கப் பாதை கொஞ்ச தூரம் நல்லாயிருக்கிற மாதிரி போய், திடீரென்று ஓடைக்குள் இறங்கும். அதன் குறுக்கே நாவல் கொப்பு ஒன்று கிடந்தது. நான் வண்டியை நிறுத்திக் குனிந்து அதை எடுத்தேன்.

கைப்பழக்கத்தில் எடுத்தேன் என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். எடுத்தது பழக்கத்தில்தான். ஆனால் எடுத்த பிறகு ராஜாமணி ஞாபகம் வந்தது. கொப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. இந்தக் கிழவர் வழி தவறினால் என்ன ஆகிவிடும், ஓடையைப் பார்த்துத் திரும்பி வரப்போகிறார், அரை மணி நேரம் தாமதம், முருகேஷின் கொப்பு லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும். இப்படித்தான் நினைத்தேன். இடது பக்கம் இருந்த உண்ணிப் புதருக்குள் அதை வீசிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

சாலம்மாள் வீட்டில்தான் எப்போதும் எங்களுக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் இறக்கி வைத்திருந்தார். மேடம் வந்திருந்தார். நான் நினைத்தபடியே முருகேஷ் முகம் கழுவி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து என் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"ராஜாமணி சாரு எங்கீங்ணா?"

வருகிறார் என்றேன். என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டார் என்றேன். அவன் அரை மணி நேரம் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு முன்னால் சோறு இருந்தது. நான் சாப்பிட்டேன். அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முருகேஷ் ராஜாமணியை ஓடைக்குள் கண்டுபிடித்தான். வண்டி அவர் மேல் கிடந்ததாம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்திருக்கிறார், வழுக்கிவிட்டது. தோள் எலும்பு முறிந்திருந்தது. ஊருக்குத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றும்போது மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மேடத்திடம் என்ன சொன்னார் தெரியுமா?

"பச்சியப்பன ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் அவர முன்னாடி போகச் சொன்னன். அங்க கொப்பு இல்லீங்க. இருந்திருந்தா நான் ஏன் அந்தப் பக்கம் போறன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலம் கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜீப் அரூர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மேடம் எங்கள் இரண்டு பேரையும் சாலம்மாள் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டார். மற்ற ஏழு பேரையும் முதலிலேயே விசாரித்திருந்தார். முன்னால் போன வண்டியின் புழுதியைப் பார்த்துப் போனோம், கொப்பைக் கவனிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.

"கொப்பப் போட்டியா முருகேஷ்?"

"போட்டனுங்க மேடம். நாவல் கொப்பு. இப்பப் போறப்ப பாத்தன், உண்ணிப் புதருக்குள்ள கெடந்துச்சுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க வர்றப்ப இருந்துச்சாங்கண்ணா?"

"நான் பாக்கலீங்க மேடம். எனக்குத் தெரிஞ்ச வழிதானே, அதப் பாத்து நான் ஏன் வரணும்?" வாய் தடுமாறவே இல்லை. அதோடு விட்டேனா? "மாடு கீடு இழுத்துப் போட்டிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

முருகேஷ் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"மாடு கொப்பத் திங்குமுங்ணா. தூக்கி வீசாது."

இதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல அவனிடம் சாட்சியும் இல்லை. யார் தப்பு என்பது இப்போது பேச்சில்லை, வந்த விருந்தாளிக்கு எலும்பு உடைந்திருக்கிறது, எது நடந்தாலும் முன்வண்டிதான் பொறுப்பு என்றார் மேடம். பொங்கல் பயணத்துக்கு முன்வண்டி பச்சியப்பன் என்றும் சொன்னார். கொப்பு போடுகிற வழக்கம் இருக்கட்டும், ஆட்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இனி நீங்கள் போடுங்கள் என்றார். கடைசி வண்டி முருகேஷ்.

கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பொங்கல் முடிந்து கிளம்பினோம். புது ஆட்கள் எட்டுப் பேர். முதல் நாள் வத்தல்மலை. நான் முன்னால். முதல் பிரிவில் இறங்கி ஒரு கொப்பை ஒடித்துக் குறுக்கே போட்டுவிட்டு நூறு அடி போயிருப்பேன், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தேன். இருந்தது. இரண்டாவது பிரிவிலும் திரும்பி வந்து பார்த்தேன். வந்தவர்கள் என்ன, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு, எனக்குப் பின்னால் எல்லோருக்கும் கடைசியில் வருகிற அந்த ஒரு வண்டியின் நினைப்புத்தான். அவன் ஒரு கொப்பை எடுத்து வீசினால் போதும். நான் எப்படி வீசினேனோ அப்படி. யார் போய் என்ன சாட்சி சொல்ல முடியும்? அன்றைக்கு ஏழு இடத்தில் போட்டேன்.

மேல் ஊருக்கு நான் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொரு வண்டியாக வந்தது. நான் உட்காரவே இல்லை. ஏழு பேர் வந்தார்கள். எட்டாவது ஆள் வரக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. அவருக்கும் பின்னால் ஸ்பேனர் பையோடு முருகேஷ் வந்தான். தலை, புருவம், மீசை எல்லாம் செம்மண்.

வண்டியை நிறுத்தி, கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். ஒரு கட்டுத் தழை. எதையும் அவன் ஓரமாகப் போடவில்லை, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். நேராக நான் நிற்கிற இடத்துக்கு வந்து, என் காலடியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினான்.

"ஏழு இருக்குதுங்ணா. எண்ணிப் பாத்துக்கங்க."

வந்தவர்கள் இதுவும் ஏதோ வழக்கம் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். நான் எண்ணினேன். எல்லோரும் பார்க்க, குனிந்து எண்ணினேன். ஏழும் நான் போட்டவைதான், ஒன்றில் இலைகூடக் கசங்கவில்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

"நாளைக்கும் கொண்டாறனுங்ணா" என்றான்.

போய் முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். களியை உருட்டி உருட்டி உள்ளே தள்ளினான். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. தட்டை வைத்துக்கொண்டு அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது.