வெறும் முகத்தோடு

கோடைக்கானல் கடைத்தெருவில் சம்சுல் ஆலமின் கடைக்கு இரண்டு வாசல்கள். ஆண்கள் முன்வாசலில் நின்று வாங்குவார்கள். பெண்களுக்குப் பக்கவாசல். அங்கே ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்குள் ஒரு மேசையில் ஸ்நோ, கோல்ட் கிரீம், பவுடர், வாசனை சோப்பு ஆகியவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு அவருடைய தங்கை ரோஷன் பேகம் உட்கார்ந்திருப்பாள். முகத்துக்கு எதைப் பூசுவது என்று அந்நிய ஆணிடம் கேட்கப் பெண்களுக்கு வாய் வராது என்பதால் செய்த ஏற்பாடு அது.

யார் வந்தாலும் ரோஷன் பேகம் முதலில் சாமானை எடுக்கமாட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி முகத்தைப் பார்ப்பாள். எந்தத் தண்ணீரில் கழுவுகிறாய், எதைத் தேய்க்கிறாய் என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

1934ஆம் வருஷம், தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், புஷ்பமேரி அந்தப் பக்கவாசலைத் தாண்டி நேராக முன்வாசலுக்குப் போனாள். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

"பாய், துரைசானிமார் போடுவாகளே, அந்தப் பவுடரு ஒண்ணு குடுங்க. வெரசா."

சம்சுல் ஆலம் டப்பாவை எடுத்துக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினார்.

"கட்டாதீங்கண்ணே," என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "புஷ்பம்தானே அது? உள்ள வரச் சொல்லுங்க."

"வந்த யாவாரத்த வெரட்டுறதுக்குன்னே ஒரு தங்கச்சிய வச்சிருக்கேன்," என்று முணுமுணுத்தார் அவர். ஆனால் காகிதத்தைப் பிரித்துவிட்டார்.

உள்ளே வந்த புஷ்பமேரி முந்தானையை எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னதும் அழுதாள். இரண்டு கன்னங்களிலும் காசளவில் வெளிறிய திட்டுகள். அவற்றின்மேல் மெல்லிய செதில்.

புஷ்பமேரி அய்யம்பாளையத்துக்காரி. கணவன் இறந்தபின் மலையேறி வந்து, மிஷன் குழந்தைகள் விடுதியில் ஆயாவாக மூன்று மாதமாக வேலை பார்க்கிறாள். தாயில்லாப் பிள்ளைகள் பதினோரு பேரைக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. ஆயாக்களுக்குத் தலைவியான சூசையம்மாள் அந்தத் திட்டுகளைப் பார்த்துவிட்டாள். பெருநோய் என்கிற குஷ்டமாக இருக்குமோ என்று பயந்து, பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து பார்ப்பார். நோய் என்றால் அன்றைக்கே மலையிறங்க வேண்டும்.

"அன்னைக்கு ஒருநா மறச்சிட்டாப் போதும்க்கா. ராவும் பகலும் தேய்ச்சுத்தான் பாக்குறேன், போகமாட்டேங்குது."

"எத வச்சுத் தேய்க்குற?"

"பயத்தமாவுதான். எங்க ஊர்ல அதானே. மொகத்துல எண்ணெப் பசை நிக்கக்கூடாதும்பாக. ஒரு தடவ போதாதுன்னு மூணு தடவ. போன வாரத்துலருந்து துணி சோப்பும்."

ரோஷன் பேகம் கொஞ்சம் பஞ்சை எடுத்து மெல்லிசாகத் திரித்துக்கொண்டாள்.

"கண்ண மூடு. நான் தொட்ட எடத்துல வெரல வை."

நெற்றியில் தொட்டாள், விரல் நெற்றிக்குப் போனது. திட்டின் நடுவில் தொட்டாள். விரல் சரியாக அங்கே வந்தது. மறு கன்னத்திலும் அப்படியே. பிறகு தொடாமலே, "இப்ப?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் தொடலியேக்கா."

"சரிதான். ஒனக்குப் பொய் சொல்லவும் வரல," என்று சிரித்தாள் ரோஷன் பேகம். "நான் டாக்டரில்ல, புஷ்பம். ஆனா பெருநோய்த் திட்டுல உணர்ச்சி மங்கிப்போகும்னு ஒரு நர்ஸம்மா எனக்குச் சொல்லியிருக்காக. ஒனக்கு நல்லாத் தெரியுது. அய்யம்பாளையத்து வெயிலுக்கு நீ செஞ்சது சரி. இங்க பனிக்காத்து தோல்ல இருக்குற பசையப் பூரா உறிஞ்சிட்டுப் போவுது. மிச்சத்த நீ மாவு போட்டு வழிச்சிட்ட."

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். மாவு வேண்டாம், சோப்பு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய்ப் பசையுள்ள கோல்ட் கிரீமைத் தடவ வேண்டும். பசையில்லாத ஸ்நோ இந்த முகத்தை இன்னும் காயவைக்கும். பவுடரோ செதிலில் ஒட்டிக்கொண்டு திட்டை எடுத்துக் காட்டும். காற்றில் நடக்கும்போது முந்தானை முகத்தில் இருக்கட்டும். அடுப்புக்கு நேரே உட்காரக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, வருகிறவர்களுக்குத் தடவிக்காட்டத் திறந்து வைத்திருந்த கிரீம் டப்பாவை அவள் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளனே புஷ்பமேரி வந்தாள். செதில் உதிர்ந்து தோல் மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் வெளிறல் போகவில்லை.

"அக்கா, இன்னும் தெரியுதே. இன்னைக்கு மட்டும் அந்தப் பவுடரக் குடுங்க."

திரைக்கு வெளியே சம்சுல் ஆலமுக்கு மனம் இளகிவிட்டது. "குடுத்துரு தங்கச்சி. பாவம், ஒரு நாளுக்குத்தானே."

"குடுக்குறது பெரிசில்லண்ணே. டாக்டரம்மா ஈரத்துணியால தொடச்சா என்னாகும்? நோயில்லாதவ நோய மறச்சவன்னு ஆயிருவா. அப்பறம் இவ எதச் சொன்னாலும் நம்புவாகளா?"

"தனியாப் போய் நிக்கப் பயமா கெடக்குக்கா," என்றாள் புஷ்பமேரி.

ரோஷன் பேகம் எழுந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். பகல் வேளையில் கடைத்தெருவில் நடந்து போகிறவள் அல்ல அவள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்ச நேரம் திரைய மூடி வைங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இருவரும் ஏரிப் பக்கத்து மேட்டில் ஏறும்போது ஒருத்தி பிஸ்மி சொன்னாள். மற்றவள் மாதாவைக் கூப்பிட்டாள். இரண்டையும் கேட்கிறவன் ஒருவனே என்று நான் நம்புகிறேன்.

விடுதி வராந்தாவில் டாக்டரம்மா புஷ்பமேரியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் நான்கைந்து இடங்களில் தொட்டார். கழுத்திலும் முழங்கையிலும் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தார். எதைப் போட்டுக் கழுவினாய் என்று கேட்டார். புஷ்பமேரி துணி சோப்பைக்கூட மறைக்காமல் சொன்னாள்.

"துணி சோப்பா! மொகமா அது, மேசை விரிப்பா?" என்றார் டாக்டரம்மா. "நோய் ஒண்ணுமில்ல. பனி வெடிப்பு. நிறம் திரும்ப ரெண்டு மாசமாகும். பிள்ளைகளத் தாராளமாத் தூக்கலாம்."

சற்றுத் தள்ளி நின்ற சூசையம்மாள் தலைகுனிந்தாள்.

"பிள்ளைகளுக்கு ஒட்டிரக்கூடாதேன்னுதான் பயந்தேன், புஷ்பம். ஒம்மேல கோவமில்ல."

இத்தனை நாளும் அழுதவளுக்கு ஒரு சுடுசொல் சொல்ல உரிமை இருந்தது. புஷ்பமேரி சூசையம்மாளின் கைகளைப் பார்த்தாள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் துணி துவைத்துத் துவைத்து விரல் மூட்டுகளெல்லாம் வெடித்து, ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"ரோஷனக்கா," என்றாள் அவள், "இவுக கையையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வெந்நி ஆறிரும், எனக்குச் சோலி கெடக்கு. பிள்ளைகளக் குளிப்பாட்டணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சூசையம்மாள் தயங்கித் தயங்கிக் கைகளை நீட்டினாள். ரோஷன் பேகம் அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபடி, "எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" என்று கேட்கத் தொடங்கினாள்.