எட்டுப் பலகைகளும் ஒரு பேருந்தும்

நகரசபைத் தலைவி ஐந்தாவது கோரிக்கையையும் வாசித்து முடித்தபோது, றோசலின் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளத் தடுப்பு, பழைய பாலம், நூலகக் கூரை, முதியோருக்கான வீடுகள், மிதிவண்டிப் பாதை. இவ்வாண்டு மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இப்பகுதி கேட்கப்போவன இவையே. ஐந்துக்கு மேல் அனுப்பினால் அங்கே ஒன்றையும் படிக்கமாட்டார்கள் என்பது சபையின் நெடுநாளைய நம்பிக்கை. ஞாயிறு அதிகாலையில் ஒரு பேருந்து வேண்டும் என்பது அந்த ஐந்தில் இல்லை.

அந்தப் பேருந்துதான் றோசலினுக்குச் சோறு. இல்-பிசார் தீவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதற் பேருந்து தீவுக்குள் வந்துசேரும் நேரத்தில் அங்கே காலைச் சாப்பாடே முடிந்திருக்கும். உடன் வேலைசெய்யும் ஜெகதீஸ்வரியின் கணவர் ஞானேந்திரன்தான் முன்பெல்லாம் இருவரையும் தம் காரில் கொண்டுபோய் இறக்கிவந்தார். கடந்த இலையுதிர்காலத்தில் அவருக்குக் கண்பார்வை மங்கி, சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோயிற்று. வாடகைக் காரிற் போனால் அன்றைய கூலியிற் பாதி அதற்கே போய்விடும். கோடைக்குப் பிறகும் ஞாயிறு வர இயலாதவர்களின் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்படும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

ஆகவேதான், சபை மக்கள் கருத்தைக் கேட்ட நாளில், றோசலின் தன் தேவாலயப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு நூலக மண்டபத்துக்குப் போனாள். அங்கே எட்டுப் பலகைகள் நின்றன. பலகைக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொன்றின் அருகிலும் சபையின் இளம் ஊழியர் ஒருவர் நின்றார். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும், வாக்காக ஒட்டுவதற்கு, எட்டுப் பச்சைப் பொட்டுகளைக் கொடுத்தார்கள். விரும்பினால் எட்டையும் ஒரே பலகையில் ஒட்டலாம் என்றார்கள். றோசலின் அப்படியே செய்தாள். மற்றப் பெண்களோ, பந்தியிற் பரிமாறுவதுபோல், ஒரு பலகையையும் விடாமல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனார்கள். றோசலின் ஓடிப்போய் ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"என்னடி செய்யிறாய்? எல்லாத்தையும் பஸ்ஸுக்கு ஒட்டச் சொன்னனானெல்லே?"

"அந்தப் பொடியன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். ஒண்டும் ஒட்டாமல் எப்பிடியடி தாண்டிப் போறது?"

"பஸ் வராட்டி நீயும் நானும் வீட்டிலைதான்."

"அதுக்கும் ஒண்டு ஒட்டினனான்தானே."

அந்த நேர்மையான பந்திப் பரிமாறல்தான் பேருந்தை ஆறாம் இடத்துக்குத் தள்ளியது. இன்று, கேள்வி நேரம் முடிந்ததும், அந்த ஐந்தின்மீது சபையின் வாக்கெடுப்பு. கேள்வி கேட்கச் செயலாளர் றோசலினின் பெயரை அழைத்தார். பின்வரிசையிலிருந்து தேவாலயக் குழுத் தலைவர் எமிலியானுஸ் குனிந்து முணுமுணுத்தார்.

"பிள்ளை, சபையோட கொழுவாதேங்கோ. மாதா திருநாளுக்கு அவையளிட்டைத்தான் மண்டபம் கேட்டிருக்கிறம்."

"மண்டபம் தராட்டி மாதா வெளியிலை நிப்பா, அண்ணை. ஊரிலை, மடுக் கோயிலிலை, காட்டுக்குள்ளைதானே இருந்தவ."

அவள் ஒலிவாங்கியை நோக்கி நடந்தாள். அவளுடைய பிரெஞ்சு சமையலறையிற் பழகிய பிரெஞ்சு. இலக்கணம் சறுக்கும், பொருள் சறுக்காது.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை ஏன் கைவிட்டனீங்கள்?"

"கைவிட்டது நாங்களல்லோம், அம்மா. பொதுமக்களே அப்படித் தெரிவுசெய்தார்கள்," என்றார் தலைவி.

"நாங்கள் பலகைக்கு ஒண்டு ஒட்டினது, பக்கத்திலை நிண்ட பிள்ளையளின்ர மனம் நோகக்கூடாதெண்டு. எங்கட மரியாதையை நீங்கள் வாக்கெண்டு எண்ணிப்போட்டியள்."

உறுப்பினர் சிலர் சிரித்தார்கள். தலைவியும் புன்னகைத்தார், கெட்ட பெண்மணியல்லர். விதி எல்லோருக்கும் ஒன்றே என்றும், அடுத்த ஆண்டு நிச்சயம் கவனிக்கப்படும் என்றும் சொன்னார்.

"அடுத்த வரியம் நான் அங்கை இருக்கமாட்டன். அந்த இல்லத்திலை காலமை பசியோட முழிச்சிருக்கிறது என்ர ஆக்களில்லை. உங்கட அப்பா அம்மாமார். நான் இரந்து கேக்க வரேல்லை. ஐஞ்சுதான் போகலாமெண்டால் சைக்கிள் பாதையை எடுத்துப்போட்டு இதை வையுங்கோ."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கு ஒரு கேள்விதான் என்பதைத் தலைவி நினைவூட்டினார். ஒலிவாங்கியின் சிறு விளக்கு அணைந்தது.

"நல்லது. எனக்கு ஒண்டு. மற்றவையளுக்கும் ஒவ்வொண்டு இருக்கு," என்று வெறுங்குரலிற் சொல்லிவிட்டு, றோசலின் தன் இடத்துக்குத் திரும்பாமற் சுவரோரமாய் ஒதுங்கி நின்றாள்.

செயலாளர் அடுத்த பெயரைப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்த தேவாலயப் பெண்கள் அத்தனை பேரையும் கேள்வி கேட்க வாசலிலேயே பெயர் பதியவைத்திருந்தாள் றோசலின். செயலாளரின் உதடுகள் ஒருமுறை அசைந்து நின்றன.

"ஜெகா... ஜெகாடி..."

மருத்துவரிடத்திலும் வங்கியிலும் இப்படி யாரும் திணறத் தொடங்கினாலே, "ஜெகா எண்டாற் காணும்" என்று முந்திக்கொண்டு அவர்களைக் காப்பாற்றுகிறவள் ஜெகதீஸ்வரி. இன்று அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியின் முன்னே வந்து நின்று, செயலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சுருக்கிக் கொடுக்கவில்லை. தலைவி பேனாவைக் கீழே வைத்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவளுடைய பெயரை முதலெழுத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார்.