வலது கை செய்த காரியம்

கட்டட வேலை நடக்கும் சைட்டில் அவனுக்குக் கையாட்டி என்று பெயர். கிரேனுக்குச் சிக்னல் காட்டுவதுதான் அவன் வேலை. சுட்டுவிரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்று, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு, கையை நீட்டி உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினால் நில். இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கம்பி கட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள். தங்கள் தலைக்கு மேலே இரும்புக் கட்டு போகும்போது மட்டும் கேலியை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்ப்பார்கள்.

மேலே கேபினில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிறவர் அவனுடைய அத்தான், அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிகிற நேரத்தில் ஒரு தகர டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வசன அட்டை எடுக்க வேண்டும். வாரம் முழுக்க அந்த வசனத்தின்படி நடக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். வசனத்தைக் கேட்டால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்பது பாஸ்டரின் கண்டிப்பு.

அத்தானுக்குத் தூரப் பார்வை மங்கி வருவதைச் சிக்னல் காட்டுகிறவனைவிட வேறு யார் முதலில் கண்டுபிடிப்பார்கள்? நில் என்று காட்டினால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் கொக்கி நின்றது. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை அத்தானே வாய் திறந்து, கண்ணுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டார். எல்லாரும் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். கையாட்டியும் வைத்தான். பிறகு டப்பாவில் கை விட்டான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிற அட்டை வந்தது. திங்கட்கிழமை காலை கடைக்குப் போய், கண்ணைக் குத்துகிற சிவப்பில் ஒரு ஜோடி கையுறை வாங்கி மாட்டிக்கொண்டான். எதற்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வசனம் அப்படியல்லவா?

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் எழுந்து சாட்சி சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து மச்சான் கை பளிச்சென்று தெரிகிறது, கர்த்தர் என் கண்ணைத் திறந்துவிட்டார் என்றார். சொல்லிவிட்டு அழுதார். அக்கா அழுதாள். பாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையுறையை அத்தான் பார்க்காமல் இல்லை. ஆனால் அற்புதம் நடந்துவிட்டது என்று நம்பியவர் கையுறையையா யோசித்துக்கொண்டிருப்பார்? கையாட்டியின் முறை வந்தது. "செஞ்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தக் கதைதான்.

அதன்பிறகு அத்தான் கண் டாக்டர் இருக்கிற தெருப்பக்கமே போகவில்லை. சந்தேகப்படுகிறவன் கடல் அலை மாதிரி, அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற வசனத்தைத் தினமும் சொல்வார். கண்ணாடி போட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். கையாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. கையுறையைக் கொண்டும் கர்த்தர் காரியம் செய்யலாமே? அப்படியானால் சாட்சி உண்மை. அவர் செய்யவில்லை என்றால் சாட்சி பொய், அதற்குத் துணை நின்றவன் இவன். யோசிக்க யோசிக்க நூல் சிக்கலாகிக்கொண்டே போனது.

போன புதன்கிழமை சைட்டில் புழுதி கிளம்பியிருந்தது. கம்பிக் கட்டு இறங்கியபோது கையாட்டி நில் என்று காட்டினான். நிற்கவில்லை. இரண்டு கையையும் விரித்து ஆட்டிய பிறகுதான் நின்றது. வெல்டர் துள்ளி விலகினார். அவருடைய தண்ணீர் கேன் அப்பளமாக நசுங்கியது. வெல்டர் சிரித்தார், ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. காற்று என்றார் அத்தான். காற்றுதான் என்று இன்ஜினியரும் சொன்னார். கையாட்டி அன்றைக்குத் தலையையும் ஆட்டிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை கான்கிரீட் பலகைகளை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று டன். கீழே பதினொரு பேர் நிற்பார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பாஸ்டரிடம், ரகசியமாகச் செய்த நன்மையால் இன்னொருவருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டான். அன்பு எத்தனையோ குற்றங்களை மூடும் தம்பி என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாற்காலியைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அடுத்தவனிடம் உண்மையைப் பேசு என்றும் இருக்கிறதே என்றாள் அவள். மூடு என்கிறது ஒன்று, பேசு என்கிறது இன்னொன்று. அன்றைக்கு அவன் எடுத்த அட்டையோ அந்நியரை உபசரிக்கச் சொன்னது.

"இரு, நான் பார்க்கிறேன்" என்று மனைவி கண்ணை மூடி வேதத்தைத் திறந்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று பக்கம் முழுக்க வம்ச வரலாறு. கையாட்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவங்க பேரா இருக்கு. கீழ நிக்கிற அந்தப் பதினொரு பேரையும் யாரோ பெத்திருப்பாங்கல்ல?"

அந்த வசனத்துக்கு அது அர்த்தமில்லை என்று அவன் எரிந்து விழுந்தான். ஆனால் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே அத்தானைக் கூட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனான். கிரேனைச் சோதித்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தான். வேறு யாரும் வரவில்லை. அத்தான் ஏணியில் ஏறிக் கேபினில் உட்கார்ந்தார். கையாட்டி கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். ஆண்டவரைச் சோதிக்காதே என்றும் ஒரு வசனம் இருப்பது அப்போது பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்? நான் சோதிப்பது ஆண்டவரையா, அத்தானையா என்று கேட்டுக்கொண்டான். விரலைக் கீழே காட்டிச் சுழற்றினான்.

வெறும் கொக்கி இறங்கியது. காலையில் முதலில் கொக்கியை இறக்குவது வழக்கம், அதற்குக் கண் தேவையில்லை. தலைக்கு மேலே வந்ததும் நில் என்று காட்டினான். கொக்கி வந்துகொண்டே இருந்தது. அசையாமல் நிற்பதாகத்தான் அவன் தீர்மானித்திருந்தான், கால் கேட்கவில்லை. பின்னால் நகர்ந்தான். அவன் நின்ற இடத்தில் கொக்கி வந்து மண்ணில் உட்கார்ந்தது.

அத்தான் இறங்கி வந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது.

"நில்லுன்னு ஏன் காட்டல?"

"காட்டினேன் அத்தான்."

பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எப்போ வாங்கின?"

"நீங்க சாட்சி சொன்ன வாரம். திங்கக்கிழமை."

கோபம் போய், அந்த முகத்தில் என்ன வந்தது என்று கையாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அக்காவை நினைத்தால் பயமாகவும் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அத்தான் கேட்டதற்கு அட்டையைப் பற்றிச் சொன்னான். அவர் திட்டவில்லை.

"அப்போ நான் சொன்னது பொய்யா?"

"தெரியல அத்தான்."

அது சத்தியமான பதில். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தான் கேபின் சாவியை அவன் கையில் வைத்து, இன்றைக்கு வேறு ஆளை வைத்து ஏற்றச் சொல் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். வாசலுக்குப் போகிற வழியில் கிடந்த மணல் குவியலில் ஒருமுறை கால் இடறினார். இன்ஜினியர் வந்ததும் சாவியைக் கொடுத்து, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு கையாட்டி ஓடினான்.

பஸ் நிறுத்தத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். சிவப்புக் கையுறை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"டாக்டர்கிட்ட போறது சந்தேகப்படுறதா மச்சான்?"

"எனக்கும் புரியல. நானும் வரேன்."

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், ஒரு அடி முன்னால் போய்ப் பார்த்தார். பிறகு இந்த மூன்று மாதத்தில் அவர் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அது என்ன நம்பர்?"

கையாட்டி நம்பரைச் சொன்னான். அவர்கள் போக வேண்டிய பஸ்தான். பழக்கதோஷத்தில் அவன் கையை நீட்டி உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினான். பஸ் நின்றது.